கணினி செத்தாலும் ஃபைல்கள் சாகவேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதன் பிறகு கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இரண்டு வகைக் கணினிகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று, ஹார்டு டிஸ்க் தேய்ந்துபோன பழைய பெட்டி. இன்னொன்று, விண்டோஸ் 11 உடன் புதிதாக வாங்கிய லேப்டாப். வன்பொருள் பழுதானால் இவை இரண்டிலிருந்தும் ஃபைல்களை வெளியே எடுக்கும் வழி ஒன்றல்ல. பழைய பெட்டிக்குப் பழகிய வைத்தியத்தைப் புதிய லேப்டாப்பில் செய்துபார்த்து, கடைசியில் கையை விரிப்பது இப்போது அடிக்கடி நடக்கிறது. தங்கள் வாசகர்களில் பலர் சிறு தொழில் செய்பவர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எது பழுது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. லேப்டாப்பின் திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் விசிறி ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த எரிந்து அணைகிறது என்றால் போயிருப்பது பெரும்பாலும் டிஸ்பிளே மட்டும்தான். எச்டிஎம்ஐ கேபிளை வீட்டு டிவியில் செருகி, விண்டோஸ் விசையோடு ‘பி’ எழுத்தை அழுத்தினால் படம் பெரும்பாலும் டிவிக்கு வந்துவிடும். மேசைக் கணினி ‘பீப் பீப்’ என்று கத்தினால் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் அழிப்பானால் துடைத்து மறுபடி மாட்டிப் பார்க்கலாம். எந்த விளக்கும் எரியவில்லையென்றால் வேறு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றை இரவல் வாங்கிச் சோதிக்கலாம். இவை எதிலும் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. விண்டோஸ் ஏறவில்லை என்றதும் ‘ஃபார்மேட் போட்டுக் கொடுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். டெஸ்க்டாப்பில் தெரிவதும் டாகுமென்ட்ஸில் இருப்பதும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. ஃபார்மேட்டில் முதலில் அழிவது அவைதான்.

மதர்போர்டே போய்விட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் படிக்கலாம். லேப்டாப்பில் வரும் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும், சாதாரண ஸாட்டா–யுஎஸ்பி கேபிளே வேலைசெய்யும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஆகவே தனி அடாப்டரோடு வரும் கேபிளைத்தான் வாங்க வேண்டும். முள் பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரை அதில் செருகினால் டிஸ்க்கின் போர்டு அந்த நொடியே போய்விடும். அப்படி நேர்ந்தாலும் உடனே தூக்கிப்போட வேண்டாம். போர்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால், விவரம் தெரிந்தவர் அதை நீக்கிவிட்டுச் சரியான மின்சாரத்தில் ஒருமுறை ஓட்டி நகல் எடுத்துவிடுவார். அதே மாடலின் வேறு போர்டை அப்படியே மாற்றிப் போடுவது இன்றைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிறு ரோம் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும்.

சுழலும் தட்டில்லாத, சிறு பட்டை போன்ற எம்.2 வகை எஸ்எஸ்டி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் என்விஎம்இ, ஸாட்டா என்று அதில் இரண்டு இனம். செருகும் முனையில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் ஸாட்டா. ஒன்றுக்கான யுஎஸ்பி உறை (டிஸ்க்கை உள்ளே வைத்து வேறு கணினியில் இணைக்கும் பெட்டி) இன்னொன்றைப் படிக்காது. ‘டிஸ்க் செத்துவிட்டது’ என்று தீர்ப்பு சொல்லப்பட்டவற்றில் சில, உறை மாறிப்போனவைதான். இரண்டையும் ஏற்கும் உறையாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி, புதிய லேப்டாப்புக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே இதுதான். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை அமைக்கும்போதே டிஸ்க் பெரும்பாலும் தானாகக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து பூட்டப்படுகிறது. ஹோம் பதிப்பிலும் அப்படித்தான். பூட்டின் திறப்பு மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்திருக்கிறது. மதர்போர்டு போனாலோ, மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். அந்த எண் கையில் இருந்தால் எந்த விண்டோஸ் கணினியிலும் டிஸ்க்கைத் திறந்துவிடலாம். இல்லாவிட்டால் டிஸ்க் முழு நலத்தோடு இருந்தாலும் உலகில் எந்த ஆய்வகத்தாலும் ஃபைல்களைப் படிக்க முடியாது.

அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி. லேப்டாப்பை விற்றவர் ‘நானே செட் பண்ணித் தருகிறேன்’ என்று தன் மின்னஞ்சலையோ ஏதோ ஒரு தற்காலிக மின்னஞ்சலையோ போட்டிருந்தால் எண்ணும் அங்கேதான் கிடக்கும். இரண்டு ஆண்டு கழித்து மதர்போர்டு போகும்போது அந்தக் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. எனவே கணினி நன்றாக ஓடும்போதே செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய், ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணையும், அதோடு வரும் ‘கீ ஐடி’யின் முதல் எட்டு எழுத்துகளையும் தாளில் எழுதி, லேப்டாப்பின் ரசீதோடு வையுங்கள். பல கணினிகள் உள்ள அலுவலகத்தில் எந்த எண் எந்தக் கணினிக்கு என்று அந்த எட்டு எழுத்துகளை வைத்துத்தான் பொருத்திப் பார்க்க முடியும். எண்ணை அதே லேப்டாப்பில் ஒரு ஃபைலாக வைப்பதில் பயனில்லை.

2018க்குப் பிந்தைய மேக்புக்குகளில் கழற்றி மாட்டும் வழியே கிடையாது. சேமிப்பு சிப்புகள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டிருக்கின்றன. போர்டைப் பழுதுபார்த்து உயிர்ப்பித்தால்தான் ஃபைல் கிடைக்கும். ஆகவே மேக் வைத்திருப்பவர்கள் வெளி டிஸ்க் ஒன்றில் டைம் மெஷின் என்ற பேக்அப் வசதியை ஓட்டியே ஆக வேண்டும். விலை குறைந்த சில விண்டோஸ் லேப்டாப்புகளிலும் இஎம்எம்சி என்ற சிப் இப்படித்தான் போர்டோடு ஒட்டியிருக்கும்.

டிஸ்க்கே பழுதாகும்போது அவசரம்தான் பெரிய எதிரி. ‘டிக் டிக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். படிக்கும் தலை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது தட்டைச் சுரண்டக்கூடும். ஓடும் டிஸ்க்கில் தலைக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். வீட்டில் மூடியைத் திறந்தால் விழும் ஒரு தூசியே அதைவிடப் பல மடங்கு பெரியது. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் காற்றில், வெளியே எடுத்ததும் தட்டில் நீர் வேர்க்கும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

சத்தம் இல்லை, ஆனால் மெதுவாகிவிட்டது, ஃபோல்டர் திறக்க நெடுநேரம் ஆகிறது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளில் கடைசிக் கட்டத்து மதிப்பு பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் பரப்பு கெட்டுவருகிறது. சி7 மட்டும் ஏறினால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, கேபிளில் இருக்கிறது. ஸாட்டா கேபிளை மாற்றிவிட்டுப் பாருங்கள். கேபிளை மாற்றினாலே பழையபடி ஓடும் டிஸ்க்கைக் குப்பையில் போடுவது இங்கேதான் நடக்கிறது.

பரப்பு கெட்டுவரும் டிஸ்க்கில் ‘செக் டிஸ்க்’ ஓட்டக் கூடாது. அது ஃபைல்களைக் காப்பாற்றும் கருவியே அல்ல. அட்டவணையை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை, அதற்காகப் படிக்க முடியாத பதிவுகளைத் துண்டித்து எறியும். ‘டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’. பிறகு வேறு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற செயலி மூலம் லினக்ஸ் மின்ட் அல்லது சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து கிளப்புங்கள். பூட் மெனுவுக்குப் பெரும்பாலான டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9. லினக்ஸில் டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது நுழையும் அமைப்புப் பக்கம்) சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ ஆக்கினால் தெரியும், மீட்பு முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம். பூட்டிய டிஸ்க் என்றால் இந்த மாற்றத்துக்கும் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

நகல் எடுக்கச் சரியான கருவி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று ‘மேப்’ ஃபைல் ஒன்றில் எழுதிக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைல் கொடுக்காமல் ஓட்டினால் இந்தப் பயன் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மூலத்தையும் (பழுதான டிஸ்க்) இலக்கையும் (நகல் போகும் டிஸ்க்) இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். கட்டளையைத் தட்டுமுன் இரண்டு டிஸ்க்கின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் பட்டியலிட்டுப் பார்ப்பது கட்டாயம். இலக்கு டிஸ்க், மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். டிஸ்க் மிகவும் நலிந்திருந்தால் என் முறை வேறு. முழு நகலுக்குக் காத்திருக்காமல், இன்றைக்கு இல்லாவிட்டால் தொழில் நின்றுவிடும் என்ற ஃபோல்டரை மட்டும் முதலில் எடுத்துவிட வேண்டும். பாட்டும் படமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி இப்படி முன்னறிவிப்பு தருவது குறைவு. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸிலேயே தெரியாது. சில, எழுத மறுத்து, படிக்க மட்டும் விடும் நிலைக்குப் போகும். அந்த நிலையைக் கண்டால் வேறெதுவும் செய்யாமல் அன்றே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள்.

சில நேரம் கணினி நன்றாக இருக்கும், நகல் எடுக்கும் சாதனம்தான் கெட்டிருக்கும். யுஎஸ்பி துளைகள் போய்விட்டன, டிவிடி ரைட்டர் சுழலவில்லை, வெளி டிஸ்க் கீழே விழுந்துவிட்டது என்று பேக்அப் எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நெட்வொர்க் துளை ஒன்று போதும். இரண்டு கணினிகளை ஒரே கேட்5இ கேபிளால் நேராக இணைத்து, ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 போட்டு, ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால் வேலை முடிந்தது. கிகாபிட் துளைகளுக்குத் தனி கிராஸ் கேபிள் தேவையில்லை. நொடிக்கு 110 எம்பி அளவில் போகும். டிஸ்க்கும் அந்த வேகத்தில் கொடுத்தால் 500 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரம். பழைய யுஎஸ்பி 2.0 துளையில் இதுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிவிடியில் ஏற்றினால் நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகள் வேண்டும். 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகமுள்ள இணைப்பில் கிளவுடுக்கு அனுப்பினால் 55 மணி நேரம். ஆகவே முதல் முழு நகலுக்கு கேபிள், அதன் பின் அன்றாடம் மாறுபவற்றுக்கு மட்டும் கிளவுடு என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நகலெடுக்க விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனால் அது 30 நொடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இரவில் ஓட விட்டு காலையில் வந்தால் முதல் ஃபைலிலேயே நின்றிருக்கும். ‘ஆர்’, ‘டபிள்யூ’ ஆகிய இரண்டு சுவிட்சுகளையும் 1 என்று கொடுத்தால் கெட்ட ஃபைலைத் தாண்டிப் போய்விடும். ‘மிர்’ சுவிட்சைப் புரியாமல் போடாதீர்கள். மூலத்தில் இல்லாதவற்றை அது நகலிலிருந்தும் அழிக்கும். பென் டிரைவில் நிறைய இடம் இருந்தும் ‘ஃபைல் பெரியது’ என்று மறுத்தால் அது ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அது ஏற்காது. உள்ளே வேண்டியது எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக மாற்றினால் தீர்ந்தது.

எதை நகலெடுப்பது என்பதில்தான் நம் ஊருக்கே உரிய இழப்புகள் நடக்கின்றன. டேலியில் நிறுவனத்தின் கணக்கு, எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டரில் இருக்கும். டேலியை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். டேலி வால்ட் என்ற பூட்டைப் போட்டிருந்தால் அந்தக் கடவுச்சொல்லும் வேண்டும், மறந்தால் நகல் இருந்தும் பயனில்லை. எஸ்கியூஎல் சர்வரில் ஓடும் பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸை ஓடும்போதே இழுத்துப் போட முடியாது. அதன் சொந்த பேக்அப் மெனுவைத்தான் பயன்படுத்த வேண்டும். ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் கையொப்பமிடும் யுஎஸ்பி டோக்கனுக்கு நகலே கிடையாது. அது பழுதானால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஆகையால் கெடு நாளுக்கு முந்தைய நாள் வரை அதைச் சோதிக்காமல் வைத்திருக்காதீர்கள்.

அச்சகங்களும் டிடிபி கடைகளும் செய்யும் விடுபடல் இன்னும் வருத்தமானது. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்களைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள், எழுத்துருக்களை எடுக்க மாட்டார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை ஒருங்குறி (யூனிகோட்) அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு முழு நூலும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். விண்டோஸின் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரை மட்டும் எடுத்தாலும் போதாது. விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து, ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அவருடைய ‘ஆப்டேட்டா’ ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும். இரண்டையும் எடுங்கள். சில தமிழ் மென்பொருள்கள் டாங்கிள் என்ற சிறு சாதனத்தைச் செருகினால்தான் எழுத்துருவைக் காட்டும், அந்த டாங்கிளும் ஒரு நாள் கெடும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன் ஃபைல்களை நேரடியாகத் திறக்கும் வசதி, அதன் பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரைதான். எனவே பழைய நூல்களைத் திறக்க முடிகிற கணினி ஒன்று உயிரோடு இருக்கும்போதே, ஒவ்வொன்றையும் எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகவும், உரையை ஒருங்குறிக்கு மாற்றியும் வைத்துவிடுவது நல்லது. ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், சிறு பதிப்பகங்களின் மறுபதிப்பே காணாத நூல்கள் எல்லாம் இந்த ஃபைல்களில்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை ஒத்திசைவு செய்பவை. இங்கே அழித்தால் சிறிது நேரத்தில் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம் இருக்கும், அவ்வளவுதான். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் ஒருசேர எழுதும் ரெய்டும் ஒரு டிஸ்க்கின் பழுதுக்கு மட்டுமே காவல். தவறாக அழித்ததையும் ரான்சம்வேர் பூட்டியதையும் அது இரண்டிலும் ஒரே நொடியில் எழுதிவிடும். பேக்அப்புக்கு எஸ்எஸ்டி வாங்கி பீரோவில் பூட்டி வைப்பதும் ஆண்டுக்கணக்கில் சரிவராது. எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், மின்சாரம் இல்லாமல், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே சாதாரண எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த தரம். புதியது இதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். நம் ஊரில் மே மாதத்து அறை 30 டிகிரியில் நிற்பதில்லை. நீண்டகாலத்துக்கு வைப்பதற்கு சாதாரண ஹார்டு டிஸ்க்கே மேல். அதையும் ஆண்டுக்கு இருமுறை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, வைத்திருந்த ஐந்து பேக்அப் முறைகளில் ஒன்றும் உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் உதவியது. தென் கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தரவு மையம் தீப்பிடித்ததில், அரசு ஊழியர்களின் ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. வேறு இடத்தில் நகல் இல்லை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் வந்தது. கணினிக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்த பேக்அப் டிஸ்க் கணினியோடு சேர்ந்துதான் நனையும். ஒரு நகலாவது வேறு வீட்டில், இயன்றால் வேறு ஊரில் இருக்கட்டும்.

நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். ஹேர் டிரையரும் வெயிலும் அரிசி மூட்டையும் வேண்டாம். ஈரம் உலர்ந்தால் சேறும் உப்பும் தட்டில் இறுகிவிடும். ஈரத்தோடே காற்றுப்புகாத உறையில் போட்டு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எந்தப் பழுதானாலும் ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது டிஸ்க்கின் வரிசை எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். அதுவரை யார் என்னென்ன செய்துபார்த்தார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சோதனைக் கட்டணம் எவ்வளவு, ஃபைல் கிடைக்காவிட்டாலும் பணம் உண்டா, மீட்ட ஃபைல்களின் பட்டியலைப் பணம் கட்டுமுன் காட்டுவார்களா, தங்களிடம் உள்ள நகலை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பூட்டிய டிஸ்க் என்றால் 48 இலக்கத் தாளின் நகலையும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பழுதுநீக்குநர்,
திருச்சிராப்பள்ளி.